வெள்ளிக்கிழமைக் கூலி

உங்கள் வீட்டு மதிலுக்குக் கல்லும் சீமெந்தும் ஏற்றி வந்த லொறிக்காரருக்குக் கூலியை என்றைக்குக் கொடுத்தீர்கள்? லொறி வந்த அன்றேயா, அல்லது "பிறகு வாரும்" என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பிய பிறகா? சட்டென்று பதில் வராவிட்டால், புங்குடுதீவு ஜெயரூபனுக்கு ஆடி மாதத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

ஜெயரூபனுக்கு நாற்பத்துமூன்று வயது. ஒன்பது வயதில் பெற்றோருடன் தீவை விட்டு ஓடியவன், முப்பதில் திரும்பி வந்தவன். இடையில் வவுனியாவில் மற்றவர்களின் லொறிகளைக் கழுவினான், பிறகு ஓட்டினான். மூன்று வருடத்துக்கு முன், டீசல் வரிசைகள் ஓய்ந்த கையோடு, மனைவி நிலாந்தினியின் நகைகளை அடைவு வைத்து முற்பணம் கட்டி, மீதியை லீசிங்கில் போட்டு ஒரு பழைய லொறி எடுத்தான். வட்டி உச்சத்தில் நின்ற காலம் அது. பிறகு நாட்டில் வட்டி இறங்கியது. அவனுடைய தவணை இறங்கவில்லை. மாதம் எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், மழையென்றாலும் வெயிலென்றாலும். முன்கண்ணாடிக்கு மேலே தன் பெயரைச் சிவப்பில் எழுதுவித்திருந்தான். பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் இருந்தது லீசிங் கொம்பனியின் பெயர்.

ஒரு மாதம் ரயர் இரண்டு வெடித்தன. அடுத்த மாதம் கியர்பெட்டி போனது. இரண்டு தவணை நிலுவையாகி, மூன்றாவதும் வந்துவிட்டது. கொம்பனி கடிதம் அனுப்பியது: வெள்ளிக்கிழமைக்குள் குறைந்தது இரண்டு தவணை, ஒரு இலட்சத்து ஐம்பத்தேழாயிரம் கட்டவேண்டும், தவறினால் வாகனம் மீளப் பெறப்படும். அவனிடம் இருந்தது தொண்ணூற்றையாயிரம். கனகசபையர் அறுபத்தாறாயிரம் தரவேண்டியிருந்தது. அது வந்தால் கடிதத்துக்குப் பதில் சொல்லி, டீசலுக்கும் நாலாயிரம் மிஞ்சும்.

கனகசபையர் முன்பு தெற்கில் கடை வைத்திருந்தவர். இப்போது கனடாவில் இருக்கும் மருமகனுக்காக நெடுந்தீவில் ஒரு வீட்டைத் திருத்திக் கட்டுவிக்கிறார். கல் ஒரு லோட், மணல் ஒரு லோட், சீமெந்து ஒரு லோட். மூன்றுக்கும் சேர்த்துக் கடைசியில்தான் காசு என்று பேச்சு. குறிகட்டுவான் துறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. நெடுந்தீவுக்குப் போகும் சாமானுக்கு லொறிக் கூலி, மறுகரையில் எண்ணி இறக்கி, கையொப்பம் வைத்த துண்டு திரும்பி வந்த பிறகுதான். கடல் லொறிக்காரன் சொல்லுக் கேட்பதில்லை. ஆனாலும் கடலின் தாமதத்துக்கு அவன்தான் பொறுப்பு.

புதன்கிழமை காலை நூற்றி எண்பது பை சீமெந்துடன் அவன் துறைக்கு வந்து சேர்ந்தபோது சோழகக் காற்று பேயாய் அடித்தது. படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. அலை மேடையில் மோதி லொறி வரைக்கும் சிதறியது. சீமெந்து நனைந்தால் அதுவும் அவன் தலையில். தறப்பாளின் நாலு மூலையையும் மாறி மாறி இழுத்துக் கட்டினான். சாமான் படகுக்காரர் நாகமுத்து பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"லொறிக்கு நங்கூரம் போட்டிட்டீர் போல. இனி டிரைவர் லைசன்ஸ் காணாது, என்னட்டைப் படகு ஓட்டப் பழகும்."

ஜெயரூபன் சிரித்தான். வியாழனும் காற்று விடவில்லை. வேறு இரண்டு ஓட்டங்களுக்கு அழைப்பு வந்தது. ஏற்றிய லொறியை வைத்துக்கொண்டு இரண்டையும் விட்டான். நின்ற நாளுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. நிற்கிற லொறிக்கும் தவணை ஓடும்.

வெள்ளி விடியக் காற்றுத் தணிந்தது. பத்து மணிக்குள் பைகளெல்லாம் படகில். பின்னேரம் நாலு மணிக்கு நாகமுத்து துண்டைக் கொண்டுவந்து கையில் தந்தார். நூற்றி எண்பதும் சரி, கையொப்பமும் சரி. இருபது நிமிடத்தில் ஜெயரூபன் கனகசபையரின் வீட்டு வாசலில் நின்றான்.

கனகசபையர் கதிரையில் அவனை இருத்தினார். தேத்தண்ணி வந்தது. துண்டை இரண்டு தரம் வாசித்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய கைபேசி ஒலித்தது. மருமகன் அனுப்பிய காசு கணக்கில் விழுந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது. வெள்ளிக்கிழமை பார்த்து வருகுதே, நல்ல சகுனம் என்று மனைவியிடம் உரத்துச் சொன்னார். பிறகு இவன் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேலை தம்பி. ஒரு பை குறையேல்லை. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே, லட்சுமியை வெளியில விடக்கூடாது. நாளைக்கு விடிய வாரும், ஒரு சதம் குறையாமல் தாறன்."

இந்த இடத்தில்தான் ஜெயரூபன் வாய் திறந்திருக்கவேண்டும். லீசிங் கடிதம் சட்டைப்பையில் நாலாய் மடிந்து கிடந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். கனகசபையர் கொடியவர் அல்ல. கைபேசியில் காசு மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் ஜெயரூபனின் வீட்டிலும் வெள்ளிக்கிழமை உப்புக்கூடக் கைமாறியதில்லை. போன மாதம் ரயர் ஒட்டியவருக்கு அவனே "நாளைக்குத் தாறன், இண்டைக்கு வெள்ளியெல்லே" என்று சொன்னவன். மற்றவனுக்குச் சொன்ன நியாயம் தனக்கு வரும்போது மறுக்க அவனுக்கு நாக்கு எழவில்லை.

"ஓம் அண்ணை," என்றான். தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழுந்தான்.

காசு வரலாம், போகக்கூடாது. உள்ளே வரத் தெரிந்த லட்சுமிக்கு வெளியே போகிற கதவு மட்டும் பூட்டு. அந்தப் பூட்டு விழுவதோ எப்போதும் உழைத்தவனின் கூலியில்! அதே வெள்ளிக்கிழமை கனகசபையர் வீட்டில் கைபேசிக்குக் காசு போட்டார்கள், மீன் வாங்காவிட்டாலும் மரக்கறி வாங்கினார்கள். கடைக்காரன் கடன் வைக்கமாட்டான் என்று தெரிந்தால் லட்சுமி மறுபேச்சில்லாமல் வெளியே போவாள்.

வீட்டில் நிலாந்தினி காத்திருந்தாள். அவள் முன்பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக ஒவ்வொரு ரூபாயையும் இரண்டு தரம் பார்த்துச் செலவழிப்பவள். அவன் நடந்ததைச் சொன்னான்.

"லீசிங் வட்டிக்கு வெள்ளிக்கிழமை விரதமோ?" என்றாள்.

திரும்பிப் போய்க் கேள் என்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் போய்க் காசு கேட்க ஏலாது என்றான். அப்படியென்றால் நான் எடுத்துக் கதைக்கிறேன் என்று கைபேசியை எடுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். கேட்டால் மானம் போய்விடும் என்றான்.

"லொறி போனால் மானம் எதில ஏறி வரும்?" என்று அவள் கேட்டாள். அவன் கொம்பனிக்கு அழைத்தபோது, கணினியில் கடைசி நாள் இன்று என்றுதான் இருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று ஒரு பெண் குரல் சொன்னது.

ஆறு மணிபோல் குறிகட்டுவான் பஸ்ஸின் கொண்டக்டர் பிரசாந்தன் அழைத்தான். பாலத்தடியில் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளோடு நிற்கிறார்கள், அண்ணையின் லொறி இலக்கத்தைச் சொல்லிக் கடைகளில் விசாரிக்கிறார்கள் என்றான். முன்னால் கடல். பின்னால் தீவை விட்டு வெளியே போக இருப்பது அந்த ஒரு பாலம். ஜெயரூபன் லொறியை எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர் லண்டனுக்குப் போய் இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கல்வீட்டின் வளவுக்குள் விட்டான். உயர்ந்த மதில், தெருவுக்குத் தெரியாது. முள்ளுக் கொப்புகளை இழுத்து வாசலில் போட்டான். தன் உழைப்பில் வாங்கிய லொறியைத் தானே களவுச் சாமான்போல் ஒளித்துவிட்டு நடந்து வந்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். லொறி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டியைக் கொம்பனி லீசிங் போட்ட அன்றே அதற்குள் பூட்டியிருந்தது. அதற்கான கட்டணத்தையும் மாதாமாதம் அவனே கட்டினான்.

சனிக்கிழமை ஏழு மணிக்குக் கனகசபையர் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தார். சொன்ன சொல் தவறாதவர். ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். வங்கியில் இருந்ததை அனுப்பாமல், அலுமாரியைத் திறந்து தாளாகவே எடுத்தார். அறுபத்தாறாயிரம் நேற்றும் அதே அலுமாரிக்குள்தான் இருந்திருக்கிறது. எண்ணினார். இவனையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். பாதியில் கைபேசி அடித்தது. பிரசாந்தன், யாழ்ப்பாணம் போகும் முதல் பஸ்ஸிலிருந்து.

"அண்ணை, உங்கட லொறி எங்களுக்கு முன்னால பாலத்தால போகுது. நீங்களே ஓடுறீங்கள்?"

ஜெயரூபன் எண்ணுவதை நிறுத்தினான்.

"நான் இல்லை," என்றான்.

கனகசபையர் என்ன என்று கேட்டார். இப்போது கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். அவர் வாசித்தார்.

"இதை நேற்றைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்கள் வெள்ளிக்கிழமை எண்டு சொன்னனீங்கள், அண்ணை."

பழி யார்மேல் என்று இரண்டு பேருக்கும் தெரியும்; பாதிப் பாதி.

கூலி ஒரு இரவு தங்கியதற்கு விலை என்ன தெரியுமா? லொறி யாழ்ப்பாணத்தில் கொம்பனியின் வளவில் நிற்கிறது. இனி இரண்டு தவணை போதாது; மூன்றும் கட்டவேண்டும். லொறியைப் பிடித்து வந்தவர்களுக்குக் கூலி நாற்பத்தையாயிரம். அவர்களுக்கு அன்றைக்கே கொடுத்தாகிவிட்டதாம். அவர்களிடம் யாரும் கிழமை பார்க்கச் சொல்லவில்லை. வளவு வாடகை நாளுக்கு ஆயிரம். பதினான்கு நாள் அவகாசம், தவறினால் ஏலம். எல்லாமாகக் கிட்டத்தட்ட மூன்று இலட்சம். அவனிடம் இருப்பது ஒரு இலட்சத்து அறுபத்தோராயிரம்.

மீதியும் அவனுடையதுதான். வேலணையில் ஒரு கொந்தராத்துக்காரர், கல் இறக்குவித்த ஒரு கோயில் சபை, லண்டனில் இருந்து மதில் கட்டுவிக்கும் ஒரு குடும்பம் என மூன்று இடங்களில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் அவனுடைய கூலி நிற்கிறது. மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் "பிறகு வாரும்" என்று சிரித்துச் சொன்னவர்கள். இந்த முறை நிலாந்தினி கேட்காமல் விடவில்லை. மூன்று இடத்துக்கும் அவளே எடுத்துக் கதைத்தாள். ஒருவர் பார்ப்போம் என்றார். ஒருவர் எடுக்கவில்லை. சபைத் தலைவர் திருவிழா முடியட்டும் என்றார்.

ஐந்து நாள் போய்விட்டது. இன்னும் ஒன்பது இருக்கிறது.

உங்கள் வாசலிலும் யாரோ ஒருவர் கல்லோ மணலோ இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் திரும்பிப் போயிருப்பார். அவருடைய இலக்கம் உங்கள் கைபேசியில் இருக்கும். இதை வைத்துவிட்டு அவரை அழையுங்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று பார்க்காமல், அவருடைய கூலியை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.