வெயில் இருந்தும் ஓடாத மெஷின்

பாலக்கரையில் மஹ்ஜபீனிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்காத கல்யாண வீடு குறைவு. வீட்டு முன்னறையில் மோட்டார் வைத்த இரண்டு மெஷின்கள். அவளுக்கு இருந்த ஒரே எதிரி, மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் கரண்ட். அதனால்தான் ‘மாற்று எரிசக்தி’ என்று அச்சடித்த சோலார் நோட்டீஸைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிட்டது. மாற்றுத் துணி, மாற்றுச் சாவி என்பதுபோல ஒன்று இல்லாதபோது இன்னொன்று கைகொடுக்கும் என்று நினைத்தாள். புருஷன் பரக்கத் அலியைச் சம்மதிக்க வைத்து, மொட்டைமாடியில் சோலார் போட்டாள்.

அடுத்த பராமரிப்பு நாள் வந்தது. அவள் பதறவில்லை. மறுநாள் நடக்கவிருந்த தன் தங்கச்சியின் கல்யாணத்துக்காக வாடிக்கைக்காரப் பெண் லிசி கொடுத்திருந்த பிளவுஸ் துணிகளை நிதானமாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பிளவுஸுக்குக் கையை மூட்டுவதற்குள் ஃபேன் நின்றது. கூடவே மெஷினும் நின்றது.

மாடிக்கு ஓடினாள். பேனல் கை வைக்க முடியாமல் கொதித்தது. அதை மாட்டிய பிரவீன்ராஜுக்குப் போன் போட்டாள்.

“லைன்ல கரண்ட் இல்லைன்னா சோலாரும் தானா நின்னுடும் மேடம். இல்லைன்னா உங்க கரண்ட் கம்பிக்குப் போயி, அங்க வேலை பார்க்கிறவங்களை அடிச்சிடும். பேட்டரி வெச்சதுதான் இப்ப ஓடும்.”

“அப்புறம் நோட்டீஸ்ல மாற்றுன்னு எதுக்குங்க போட்டீங்க?”

“அது நிலக்கரிக்கு மாற்றுங்க. கரி எரிக்காம வெயில்ல, காத்துல கரண்ட் எடுக்கறோம்ல, அதுக்குத்தான் அந்தப் பேரு. கரண்ட் கட்டுக்கு இல்ல.”

“மாட்டும்போதே சொல்லியிருக்கலாம்ல?”

“உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் மேடம்.”

போனை மெத்தைமேல் எறிந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையாலேயே கொக்கி தைத்தாள். மத்தியானம் லிசி வந்தாள்.

“சோலார் போட்டிருக்கேன், கவலைப்படாதன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?” அரைகுறைத் துணிகளை வாரிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கரண்ட் இருந்த உறையூரில் ஒரு தையல்கடைக்கு ஆட்டோ பிடித்தாள்.

சாயங்காலம் ஃபேன் சுற்றத் தொடங்கியபோது வெயில் இறங்கியிருந்தது.

“ஊருக்குப் புகை குறையுதுல்ல, விடு” என்றார் பரக்கத் அலி.

“குறையட்டுங்க, நல்லதுதான். நம்பி வந்த பொண்ணு அழுதுட்டுப் போறா. அவகிட்ட போய் இதைச் சொல்ல முடியுமா?”

இப்போதும் தெருவில் யாராவது சோலார் பற்றி விசாரித்தால் போடச் சொல்கிறாள். “ஆனா கரண்ட் போனா இதுவும் நின்னுடும். பேட்டரி உண்டான்னு முதல்ல கேளுங்க” என்கிறாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் குரலில் பழைய சூடு ஏறிவிடுகிறது. லிசி அதற்குப் பிறகு துணி கொண்டுவரவில்லை.