கை நிற்காத ராசப்பன்

காவிரிப் பாலத்தில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் மற்றவர்கள் ஹாரனில் கை வைப்பார்கள். ராசப்பன் இன்ஜினை அணைத்துவிட்டு, தலைக்கு மேலே வெயில் மறைப்பில் செருகியிருக்கும் தாளை எடுப்பார். மடிப்பெல்லாம் விட்டுப்போய் டேப் ஒட்டிய தாள். அதை ஸ்டீயரிங் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் தட்டத் தொடங்குவார். உதடு "ஒன் அண்ட் டூ அண்ட்" என்று முணுமுணுக்கும். பின்னால், காந்தி மார்க்கெட்டில் ஏற்றிய முட்டைக்கோசு மூட்டைகள் ஸ்ரீரங்கத்து மெஸ்களுக்குப் போகக் காத்துக் கிடக்கும். முன்னால் நின்ற பஸ் நகர்ந்து போனதுகூட அவருக்குத் தெரியாது.

"என்னண்ணே, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று பக்கத்தில் பைக்கில் நின்றவர் ஒருநாள் கேலியாகக் கேட்டார்.

"ஆமாங்க. மே மாசம் வருது."

கேட்டவர் சிரித்தார். ராசப்பன் சொன்னது உண்மை.

வயது நாற்பத்தாறு. காலையில் குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி. முகூர்த்த நாட்களில் மாலையானால் பீமராவ் பேண்டு செட்டில் சைடு டிரம். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் குஞ்சம், காலில் ரப்பர் செருப்பு. இருபத்தாறு வருஷத்தில் திருச்சியில் அவர் மாப்பிள்ளை அழைப்புக்கு நடக்காத தெரு அபூர்வம். டிரம் குச்சிகளை ஒரு குடை உறையில் வைத்திருப்பார். அந்த வீட்டில் குடை உறை இருக்கிறது, குடை கிடையாது. பல் விளக்கும்போது வாளியில் தட்டுவார், மெஸ் வாசலில் பாத்திர அடுக்கில் தட்டுவார். சோற்றுத் தட்டில் மட்டும் விரல் படாது. யாராவது அப்படித் தட்டினால் முகம் சுளிப்பார்: "பசிக்குதுன்னு சொல்றாப்ல இருக்கு. வேணாம்."

அவருடைய பெருமை ஒன்றே ஒன்று. ஊர்வலத்தில் அவர் கை நிற்காது. டிரம்பெட் ஊதுகிறவர் மூச்சு வாங்க நிறுத்துவார், கிளாரினெட்காரர் எச்சில் துடைப்பார், பெரிய டிரம்காரர் வார் நழுவி இழுத்து மாட்டுவார். அந்த இடைவெளியெல்லாம் ராசப்பன் கையில்தான் ஓடும். "ஊதுறவனுக்கு மூச்சு வேணும். நமக்கு எதுக்குங்க மூச்சு? நம்ம கை நின்னுச்சு, ஊர்வலம் நின்னுடும்." பேண்டு முதலாளியும் டிரம்பெட்காரருமான பீமராவுக்கு அறுபத்தெட்டு வயது. அவர் மூச்சு எந்த அடியில் அறுந்துபோகும் என்பது அவரைவிட ராசப்பனுக்கு நன்றாகத் தெரியும். அறுகிற இடத்துக்கு அரை அடி முன்பே குச்சி உருளத் தொடங்கிவிடும். கேட்கிறவர்களுக்குப் பாட்டே அப்படித்தான் என்று தோன்றும்.

இப்படிப்பட்டவர் தாளக் குறிகள் எழுதிய தாளைப் பார்த்து டிரம் அடிக்கக் கிளம்பியதற்குக் காரணம், ஒரே ஒரு சொல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொள்ளிடம் தாண்டி முசிறி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு விழா நாற்காலிகளை ஏற்றிப் போயிருந்தார். மைதானத்தில் பிள்ளைகள் அணிவகுப்புக்கு டிரம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்த மாஸ்டர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டதால் ஒரு கால் ஒரு பக்கம் போனது, இன்னொரு கால் இன்னொரு பக்கம் போனது. நாற்காலியைப் பாதி இறக்கிய ராசப்பனுக்குப் பொறுக்கவில்லை. போய்க் குச்சியை வாங்கி நாலு அடி அடித்துக் காட்டினார். மைதானமே ஒரு காலாக நடந்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து கேட்டாள்: "சார், நான் புடிச்சிருக்கறது சரியா சார்?"

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்து அதை மனைவி அமிர்தத்திடம் இரண்டு தடவை சொன்னார். அத்தனை வருஷமாக அவர் பெயர் "யோவ் பேண்டு", கொஞ்சம் மரியாதை தெரிந்த வீட்டில் "பேண்டுகாரரே". "ஒரே பேச்சுல ரெண்டு சார் போட்டுச்சு அமிர்தம். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு நல்லபடியாகத்தான் பேசினார். டிரம் மாஸ்டராக எடுத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் நிர்வாகம் கிரேடு சான்றிதழ் கேட்கும். வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் சங்கீதப் பரீட்சை, அதில் தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், முன்பின் பார்க்காத தாள் ஒன்றையும் அங்கேயே கொடுப்பார்கள். அடுத்த வருஷம் முடிந்து ஜூன் வரும்வரை அந்த இடத்துக்கு வேறு ஆள் போடாமல் தள்ளிப்போட்டுப் பார்க்கிறேன் என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனிதர், வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் புத்தூர் போனார்.

புத்தூரில் ஒரு மருந்துக் கடை மாடியில் சுஜா கீபோர்டு வகுப்பு நடத்துகிறார். வயது இருபத்தெட்டு. வகுப்பின் ஆண்டு விழாக்களுக்குச் சாமான் ஏற்றிப் போனதில் ராசப்பனுக்குப் பழக்கம்.

"எனக்கு டிரம் அடிக்கத் தெரியாதுண்ணே. எழுத்து மட்டுந்தான் தெரியும்."

"எனக்கு எழுத்து தெரியாதுங்க டீச்சர். அடிக்க மட்டுந்தான் தெரியும். சரியாப் போச்சுல்ல?"

சரியாகத்தான் போயிற்று. சைடு டிரம்முக்கு ஒரே ஒரு கோடுதான். அதன் மேல் தலை கறுத்த குச்சிகள் நிற்கும். தனியாக நின்றால் ஒரு அடி. இரண்டு குச்சிகளை மேலே ஒரு பட்டை சேர்த்தால் அந்த நேரத்துக்குள் இரண்டு அடி, நான்கு குச்சிகளை இரண்டு பட்டை சேர்த்தால் நான்கு அடி. ராசப்பன் இதற்கெல்லாம் தானே பெயர் வைத்துக்கொண்டார். தனிக் குச்சி நடை, இரட்டை சோடி, நான்கு ஓட்டம். "நடை நடை சோடி நடை" என்று சத்தமாகப் படிப்பார், பிறகு அடிப்பார். மூன்றே மாதத்தில், கீபோர்டு படிக்கும் பிள்ளைகள் அவர் வகுப்பு முடியும்வரை வாசலில் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். வீட்டில் காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் குச்சிகள் முளைத்தன. பால் கணக்குக்கு எழுத இடமில்லை என்று அமிர்தம் சத்தம் போட்டார்.

பீமராவ் மட்டும் கேலியை விடவில்லை. "ஏன்டா ராசப்பா, நீ பேப்பரைப் பார்த்து முடிக்கிறதுக்குள்ள மாப்பிள்ளைக்குப் புள்ளை பொறந்துடுமேடா!"

"பொறந்தா அந்தப் புள்ளைக்கு நான்தான் மாஸ்டர்ணே."

ஒரே ஒரு குறிக்கு மட்டும் ராசப்பன் பெயர் வைக்கவில்லை. கோட்டின் மேல் நெளிந்து நிற்கும் குறி. அந்த இடத்தில் ஒரு அடி நேரம் சும்மா இருக்க வேண்டும். ஓய்வு என்று சுஜா சொல்லிக்கொடுத்தார். ராசப்பனுக்கு அது புரியாமல் இல்லை. கைக்குத்தான் புரியவில்லை. நெளிந்த குறி வந்ததும், யாருக்கோ மூச்சு அறுகிறது என்று கை நினைத்துக்கொள்ளும், ஓடிப்போய் நிரப்பிவிடும்.

"அண்ணே, அங்க ஒண்ணும் இல்லண்ணே."

"ஒண்ணும் இல்லைன்னுதாங்க டீச்சர் போட்டேன்."

நவம்பரில் முதல் பரீட்சை. தாளின் கடைசியில் ஒரு ஓய்வுக் குறி இருந்தது. ராசப்பன் அந்த இடத்தில், பெண் வீட்டு வாசலில் ஊர்வலத்தை முடிப்பதுபோல, ஒரு பெரிய உருட்டு உருட்டி முத்தாய்ப்பு வைத்தார். வைத்துவிட்டுத் தேர்வாளரைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். ஒரு மாதம் கழித்து வந்த ஆங்கிலக் குறிப்பை சுஜா தமிழில் படித்துச் சொன்னார்: "எழுதியிருப்பதை நன்றாக வாசிக்கிறார். எழுதாததையும் வாசிக்கிறார்." தேறவில்லை.

வீட்டுக்கு வந்து டிரம்மைப் போர்வையால் மூடி மூலையில் வைத்தார். பதினொரு நாள் அது அப்படியே இருந்தது. பன்னிரண்டாம் நாள் அமிர்தம் போர்வையை உருவினார். "என்னமோ பொணத்தை மூடினாப்ல மூடி வச்சிருக்கீங்க. அடிக்கிறதுன்னா அடிங்க. இல்லன்னா குடுங்க, நான் வடகம் காயப்போடறேன்."

"கை நிக்க மாட்டேங்குது அமிர்தம்."

"எனக்கு மட்டும் வாய் நிக்குதாக்கும்? உங்க அம்மா முன்னாடி இருபது வருஷம் நிறுத்தலயா? பழகுங்க."

தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கின. புத்தூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு, மாலை ஆறு மணி. ஊர்வலம் சுஜாவின் தெரு வழியாகத்தான் வந்தது. சத்தத்தில் வகுப்பு நடத்த முடியாமல் சுஜா ஜன்னலில் வந்து நின்றார். டிரம்பெட் கிழித்தது, பையன்கள் ஆடினார்கள், நடுவில் ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டு உருட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் மதில் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் பீமராவ் டிரம்பெட்டை வாயிலிருந்து இறக்கினார். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. பேண்டு முழுவதும் அப்படியே அடங்கியது.

நடை மட்டும் நிற்கவில்லை. பதினான்கு ஜோடி ரப்பர் செருப்புகள் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. நடக்கும்போது சைடு டிரம்மின் அடியில் இருக்கும் கம்பிகள் தாமாகவே கிணுகிணுக்கும். ராசப்பன் குச்சியை விரலிடுக்கில் மடக்கிக்கொண்டு, இடது உள்ளங்கையை டிரம் மேல் பதித்து அந்தச் சத்தத்தையும் அமுக்கினார். ஆட்டம் தடைப்பட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "யோவ் பேண்டு, ஏன்யா நிறுத்திட்டீங்க? அடிங்கய்யா!" என்று கத்தினார். ராசப்பன் வலதுகைக் குச்சியால் மதிலைக் காட்டினார். மதில் முடிந்தது. முடிந்த அந்த அடியில், விட்ட இடத்திலிருந்து பாட்டு, பதினான்கு பேரும் ஒன்றாக.

அடுத்த வகுப்பில் சுஜா கேட்டார். "அன்னிக்கு ஆஸ்பத்திரிகிட்ட என்னண்ணே பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்களே. உள்ள ஆளுங்க படுத்திருப்பாங்க. தூங்குவாங்க, வலியில கெடப்பாங்க. அங்க அடிக்கக் கூடாது, அதான் வழக்கம்."

"சும்மா இருந்தீங்க. ஆனா திரும்ப எப்ப அடிக்கணும்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கால்தான் போயிட்டே இருக்கே டீச்சர். கைதான் நிக்குது, பாட்டு எங்க நிக்குது?"

சுஜா தாளை எடுத்து, நெளிந்த குறியின் மேல் விரலை வைத்தார். ராசப்பன் அதைக் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"உள்ள ஆளு படுத்திருக்காங்களா டீச்சர் இதுல?"

"அப்படியே வச்சுக்கோங்கண்ணே."

பிறகு அவர் உட்கார்ந்து படிக்கவில்லை. எழுந்து நின்று, இருந்த இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நடந்தபடி படித்தார். நடை, நடை, சோடி, பிறகு உதடு மட்டும் அசையும்: "ஆஸ்பத்திரி." முதல் நாள் மூன்று இடத்தில் கை ஓடியது. ஒரு வாரத்தில் ஒரு இடம். காவிரிப் பாலத்து நெரிசலிலும் அவருடைய ஸ்டீயரிங் தாளத்தில் இப்போது ஓட்டைகள் விழுந்தன. வீட்டில் அமிர்தம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். "என்னங்க, சத்தத்தைக் காணோம்?"

"இரு, நோயாளி தூங்குது."

"நல்லாத்தான் படிக்கிறீங்க போங்க."

மே மாதம், கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹால். இதில் தேறினால்தான் ஜூனில் பள்ளிக்கூடம். ராசப்பன் அமிர்தம் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலில் பீமராவின் ஷூ. "பேண்டு மானம் போயிடும்டா, செருப்போட போகாதே" என்று அவரே கழற்றிக் கொடுத்தது. ஒரு சைஸ் பெரிது. மூடிய கதவுக்கு வெளியே சுஜா நின்றுகொண்டிருந்தார். படித்துவந்த பாடங்கள் முடிந்தன. தேர்வாளர் புதிய தாளை ஸ்டாண்டில் வைத்து, அரை நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ராசப்பன் முதலில் கடைசி வரியைப் பார்த்தார். நடை, நடை, நடை, அதன் பிறகு நெளிந்த குறி. போன தடவை முத்தாய்ப்பு வைத்த அதே இடம்.

தொடங்கினார். சோடிகள் வந்தன, ஓட்டம் வந்தது, நடுவில் இரண்டு ஆஸ்பத்திரிகளைத் தாண்டினார். கடைசி வரி வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. முடிந்துவிட்டதென்று தேர்வாளர் பேனாவை எடுத்து எழுதக் குனிந்தார்.

ராசப்பனின் வலதுகைக் குச்சி தூக்கிய இடத்திலேயே நின்றது. இடதுகைக் குச்சி விரலிடுக்கில் மடங்கியது, உள்ளங்கை டிரம் மேல் மெல்லப் படிந்து மிச்சமிருந்த கிணுகிணுப்பையும் அமுக்கியது. பீமராவின் ஷூவுக்குள்ளே கால் பெருவிரல் நாலாவது அடிக்கு ஒரு தடவை அழுந்தி எழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கையை எடுத்தார்.