சொர்ணம் சொன்ன பேர்

போன வாரம் கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போயிருந்தேன். சீட்டு எழுதுகிற பெண், "வீட்டுக்காரர் பேர் என்ன பாட்டி?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. காது கேட்காத கிழவி என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தினாள். கடைசியில் மருமகள்தான் சொன்னாள். என் காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. அவர் பேரை நான் சொல்வதில்லை, அவ்வளவுதான். இங்கேயும் எழுதப் போவதில்லை, தேடாதீர்கள்.

அவள் கத்தின கத்தில் எனக்கு எங்கிருந்தோ கோவைக்கொடி இலை வாசனை வந்தது. காலேஜில் அதை வைத்துத்தான் சிலேட்டைத் துடைப்போம். சிரிக்க வேண்டாம், காலேஜ்தான். வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். பசுமலைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் என் வீட்டுக்காரர் உபதேசியார் வேலைக்குப் படித்தார். குடும்பத்தோடு தங்க வரிசையாக வீடுகள் கொடுத்திருந்தார்கள். மத்தியானம் சோறாக்கி இறக்கிவிட்டு, மனைவிமார் நாங்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு புளியமரத்தடி அறைக்கு எழுத்துப் படிக்கப் போவோம்.

"என்ன, காலேஜுக்குக் கெளம்பியாச்சாக்கும்?" என்று ஆண்பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

"ஆமாண்ணே, காலேஜுக்குத்தான் போறோம். சோத்த நீங்களே போட்டுத் தின்னுக்கங்க" என்பாள் பக்கத்து வீட்டுச் சொர்ணம். அன்றிலிருந்து அது எங்கள் காலேஜ்.

முதல் நாள், பாடம் சொல்லித்தர வந்த வெள்ளைக்காரத் துரைசானி அம்மா ஒவ்வொருத்தியாக எழுப்பி, "நீ யாருடைய மனைவி?" என்று கேட்டார். புருஷன் பேரை எவள் சொல்வாள்? கட்டினவன் பேர்கூடத் தெரியாத பெண்களா என்று அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சொர்ணம் என் விலாவில் இடித்தாள். "ஏடி, என் ஆளு பேர நீ சொல்லு. உன் ஆளு பேர நான் சொல்றேன்." சொன்னோம். படிப்பு முடிகிற வரைக்கும் அதுதான் வழக்கம். யார் கேட்டாலும் எனக்காக அவள், அவளுக்காக நான்.

ஒரு நாள் 'கர்த்தர்' என்று எழுதச் சொன்னார் துரைசானி. சொர்ணம் தன் பேரை எழுதி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "கர்த்தருக்கு என் பேரு தெரியணும்ல அம்மா?" என்றாள். துரைசானிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

படிப்பு முடிந்ததும் எங்களை மேலூர்ப் பக்கம் வேலைக்கு அனுப்பினார்கள். அவளை எங்கோ கிழக்கே. பார்க்கவே முடியவில்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு, அந்தப் பள்ளியில் பழைய மாணவர் கூட்டம் என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பு வாசித்தார்கள். "அப்பாவே இல்ல, நீ எதுக்கும்மா?" என்றான் மகன். "நானும் படிச்சவதான்டா" என்று பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசலில் ஒரு தம்பி, வந்தவர்களுக்குப் பேர் எழுதி ரிப்பன் குத்திவிட்டுக்கொண்டிருந்தான். "குடும்பத்தார்லாம் அங்கிட்டுப் பந்தல்ல உக்காருங்கம்மா. ரிப்பன் படிச்சவங்களுக்கு மட்டும்."

"நானும் இங்க படிச்சேன் தம்பி."

"அப்படியா? ஐயா பேரு என்ன?"

மறுபடியும் அதே கேள்வி. நின்ற இடத்தை விட்டு நான் நகரவில்லை. அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் என் வீட்டுக்காரர் பேரைக் கணீரென்று சொன்னது. திரும்பினால், பல்லெல்லாம் போன சொர்ணம்! நான் விடுவேனா? அவள் வீட்டுக்காரர் பேரை அதைவிட உரக்கச் சொன்னேன்.

தம்பி ரிப்பனில் எழுதப் போனான். "ஏய், நிறுத்து" என்றாள் சொர்ணம். "அது அவுக பேரு. படிச்சது நாங்க. பேனாவக் கொடு."

எங்கள் பேரை நாங்களே எழுதினோம், ஒவ்வொரு எழுத்தாக.

"பாட்டி, பின்னால எம்புட்டுப் பேரு நிக்காக பாருங்க" என்றான் தம்பி.

"நிக்கட்டும்" என்றேன் நான். "நாங்க நிக்காத நிப்பா?"

ரிப்பனைக் குத்திக்கொண்டு, படித்தவர்கள் வரிசையில் முன் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தோம். எழுந்திரு என்று சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போது அந்தப் புளியமரம் இல்லை. எங்கள் காலேஜ் சைக்கிள் நிறுத்தும் இடமாகிவிட்டது. சொர்ணமும் போய்விட்டாள். மருமகள் சொன்னாலும், மகன் சொன்னாலும், அது எனக்காகச் சொன்ன பேராக இல்லை. சீட்டுக்காகச் சொன்ன பேர்.

அடுத்த மாதம் மறுபடியும் கண் காட்டப் போக வேண்டும். அந்தப் பெண் கேட்கட்டும். என் பேர் அன்னபாக்கியம், பேனாவைக் கொடு என்று சொல்லப் போகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன். வரிசை காத்திருக்கட்டும்.