பல்லால் உரித்த கேபிள்

பயூமி பகலில் பஸ் கண்டக்டர். சாயங்காலமானால் எங்கள் இம்பாபா சந்துக்கே கேபிள்காரர். மொட்டைமாடியில் ஒரே டிஷ், அதிலிருந்து பதினொரு வீட்டுக்கு லைன். கேபிள் நுனிகளைத் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சீவுவார், உள்ளே சுற்றியிருக்கும் வெள்ளிநிறக் கம்பிப் பின்னலைப் பின்னால் மடிப்பார், கனெக்டரைத் திருகி மாட்டுவார். சீவுவார் என்றா சொன்னேன்? கடிப்பார். கறுப்புத் தோலைப் பல்லால்தான் உரிப்பார் அந்த மனுஷன்.

“என்னிக்காவது ஒருநாள் கரண்ட் உன் நாக்கைப் பிடிக்கப்போகுது, பாரு,” என்பாள் அவர் மனைவி இன்ஷிராஹ்.

“கத்தி கம்பியையும் சேர்த்து அறுத்துடும்டி. எங்க நிறுத்தணும்னு பல்லுக்குத்தான் தெரியும்.”

ரமலானில் மட்டும் நோன்பு திறக்கும்வரை கத்தி எடுப்பார். செம்பின் ருசி நாக்கில் பட்டால் நோன்பு கெட்டுவிடுமாம். “வருஷம் பூரா ரமலானாவே இருக்கக் கூடாதா, ரப்பே!” என்று அவள் கையேந்துவாள்.

ஒரு விஷயத்தில் அவர் மகா கறார். எந்த வீட்டு டிவியில் கரண்ட் கசிகிறதோ, ரிப்பேர் ஆகும்வரை அந்த வீட்டு லைன் கட். கசிவு கேபிள் பின்னலிலேயே மாடிவரை ஏறிவிடும் என்பார்.

என் டிவி கசிந்தது. பின்பக்கம் கை பட்டால் வெடுக்கென்று இழுக்கும். ஆனால் ரமலான் தொடர் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நான் வாயைத் திறப்பேனா?

“உம் ரிதா, உங்க லைன் லேசா சுருக்குங்குதே. டிவியில ஏதாச்சும் கோளாறா?” என்று அவரே என்னிடம் கேட்டார். ரிதாவின் அம்மா என்பதால் சந்தில் எனக்கு அதுதான் பெயர்.

“என் டிவியா? பூனைக்குட்டி மாதிரி சமத்தாக் கிடக்கு. உங்க கை வேர்த்திருக்கும்.”

சிரித்தார். நம்பிவிட்டார்.

இருபதாம் நோன்பன்று, பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம். என் டிவியில் படம் போயிற்று. வீடுகளுக்கு நடுவே மாடிவரை திறந்திருக்கும் காற்றுக்கூண்டுக்குள் தலையை நீட்டிக் கத்தினேன். பாவம், கத்தியோடு மாடியேறினார்.

“வந்துச்சா?” என்று மேலிருந்து குரல்.

“இல்ல!”

“இப்ப?”

“இல்லைங்கிறேன்ல! தொடர் போயிடும்!”

“அட, கொஞ்சம் பொறும்மா! நுனி துருப்பிடிச்சிருக்கு. வெட்டிப் புதுசா மாட்டணும்.”

அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். மனுஷன் மாடியில் வெறும் வயிற்றோடு நிற்கிறாரே என்று, அவர் கயிற்றில் இறக்கிய கூடையில் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு குவளை தண்ணீரும் வைத்தேன். “நல்லா இருங்க, உம் ரிதா!” என்று இழுத்துக்கொண்டார்.

நானும் பழத்தை வாயில் போட்டேன். கொட்டையைத் துப்பும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நோன்பு திறந்தாயிற்று. இனி அவர் கத்தியைத் தொடமாட்டார். வாயெல்லாம் ஈரம் வேறு. ஐயோ! ஓடிப்போய் டிவி பிளக்கைப் பிடுங்கினேன்.

“பயூமி!”

எதிர் ஜன்னலில் இன்ஷிராஹ், “சூப் ஆறுது, சீக்கிரம் இறங்கச் சொல்லுங்க,” என்றாள்.

நான் மாடிக்கு ஓடினேன். மேலே அவர் ஒரு கையால் டிஷ் கம்பத்தைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்தார். கேபிள் நுனி பல்லிடுக்கிலேயே இருந்தது. மூச்சில்லை.

துக்கத்துக்குப் போனபோது இன்ஷிராஹ் என் மடியில் முகம் புதைத்து அழுதாள். “எத்தனை தடவை சொன்னேன், உம் ரிதா! அந்தப் பல்லுதான் அவரைக் கொன்னுடுச்சு. இல்லையா?”

“ஆமா,” என்றேன்.