கல்லுக்குக் காசு இல்லை

இன்று நகைக்கடையில் கடைக்காரர், என் மனைவி, நான் என்று மூன்று பேர் இருந்தோம். நாங்கள் விற்கக் கொண்டுபோன அவளுடைய தோட்டிலிருந்து கடைக்காரர் கல்லை நெம்பித் தட்டில் போட்டார். தாயக்கட்டை விழுவது போல் சத்தம் வந்தது.

சின்ன வயதில் வால்பாறையில், எஸ்டேட் லைன் வீட்டில், மழை நாளில் தாயக்கட்டை உருட்டிப் புதையல் விளையாடுவோம். விழுந்த எண்ணுக்கு ஏற்றபடி குகையில் பொருள் கிடைக்கும். அதை விற்றால்தான் கத்தியும் மருந்தும் வாங்கலாம். பக்கத்து வீட்டு மேரிதான் கடைக்காரி. எதற்கும் பாதி விலைதான் கொடுப்பாள்.

“கிரீடம் ஆயிரமுங்க,” என்பேன்.

“ஐநூறு. கட்டுபடி ஆகலைன்னா தலையிலயே வெச்சுட்டுப் போங்க.”

அந்த வருடம் அப்பாவின் குடல் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் ஆயிரத்து ஐநூறு கேட்டார்கள். அம்மாவின் கல்தோடு மூவாயிரத்துக்கு வாங்கியது. “பாதி எப்படியும் வரும்மா,” என்று பொள்ளாச்சி பஸ்ஸில் நான்தான் சொன்னேன். அம்மா நம்பினார்.

தோடு வாங்கிய கடைக்கே போனோம். அவர்கள் கல்லைக் கழற்றிவிட்டுத் தங்கத்தை மட்டும் எடை போட்டார்கள்.

“ஏனுங்க, எங்களுக்குக் குடுக்கறப்ப கல்லோட சேர்த்துத்தானுங்களே எடை போட்டீங்க?” என்றார் அம்மா.

“அது குடுக்கறப்பங்க, அம்மணி.”

அப்பாவை ஆபரேஷன் இல்லாமலே வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

இன்று என் மனைவி எதுவும் கேட்கவில்லை. அன்று கேட்டும் அம்மா கையில் வந்தது தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.