சினிமா கவருக்குள் ஒரு கிளாரினெட்

1. போன்

ராஜபாளையத்தில் என் பழைய ரிக்கார்டு கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சங்கரன் அண்ணாச்சி போன் செய்தார். கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் மைக்செட் கட்டியவர்.

“ஏம்மா, கடையக் காலி பண்ணுதேன். ரிக்கார்டு பெட்டி பெட்டியா கெடக்கு. மதுரை யாவாரி வேனோட வந்து நிக்காரு. வாறதா இருந்தா இப்பவே வா.”

ஷட்டரை இறக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பேண்டேஜ் துணி நெய்யும் யூனிட்டில் வேலை பார்த்த காலத்தில் ஷிப்டுக்குக்கூட அப்படி ஓடியதில்லை.

எதிர்க்கடை சிக்கந்தர் பாய்க்காகவும்தான் ஓடினேன். லுங்கி வியாபாரம் செய்கிறவர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, காதர் மைதீன் கிளாரினெட் வித்வான். பாய் தவழ்கிற வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அவர் வாசித்து ஒரே ஒரு ரிக்கார்டு வந்ததாக வீட்டில் சொல்வார்களாம். பாய் அதைக் கேட்டதே இல்லை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் என் கண் முதலில் அதைத்தான் தேடும்.

2. பெட்டிகள்

நான் போவதற்குள் மதுரை வியாபாரி பிரித்து முடித்திருந்தார். பளபளவென்ற சினிமா கவர்கள் எல்லாம் அவர் பக்கம்.

“நல்லது பூரா எடுத்தாச்சுக்கா. மிச்சத்த நீங்க அள்ளிக்கங்க” என்றார்.

மிச்சம் என்றால் கவர் இல்லாதவை, ஓரம் உடைந்தவை, கரையான் மண் ஒட்டியவை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்தேன், லேபிளைப் படித்தேன். அடிப்பெட்டிவரை பார்த்தாகிவிட்டது. கிளாரினெட் இல்லை.

அப்போது வேனில் ஏற்றும் முன் சரிபார்த்துக்கொண்டிருந்த வியாபாரி கத்தினார். “என்ன அண்ணாச்சி, கவர் ஒண்ணு, உள்ள தட்டு வேற ஒண்ணா இருக்கு?”

“கல்யாண வீட்டு அவசரத்துல மாத்திச் சொருகியிருப்போம்.”

வியாபாரி கவரை வைத்துக்கொண்டு தட்டை மட்டும் என் குவியலில் போட்டார். சின்ன இ.பி. ரிக்கார்டு. மங்கிப்போன லேபிளைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். ‘கிளாரினெட்: காதர் மைதீன்.’

முகத்தில் எதையும் காட்டவில்லை.

“என்னக்கா அது?” வியாபாரி எட்டிப் பார்த்தார்.

“கிளாரினெட்டு.”

“அத யாரு வாங்குவா?” சிரித்துக்கொண்டே அடுத்த கவரை உருவினார். குவியலுக்கு அண்ணாச்சி கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அந்தத் தட்டை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தேன்.

3. ஊசி

சோப்புத் தண்ணீரில் கழுவி, காயத்துக்கு வைக்கிற காஸ் துணியால் ஒற்றி எடுத்து, ப்ளேயரில் வைத்தேன். தகவல் சொன்னதும் பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். கால்களில் செருப்புகூட இல்லை.

ஊசி இறங்கியது. கொஞ்ச நேரம் ஓடியதும் ஒரு கீறலில் சிக்கி, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பக் கத்தியது. பாயின் முகம் வாடிவிட்டது. ஊசிக்கை மேல் பாரத்துக்காக ஒரு ரூபாய்க் காசை ஒட்டி, மறுபடி முதலிலிருந்து வைத்தேன். கீறல் வந்தது. ‘டக்’கென்று ஒரு சத்தம். தாண்டிவிட்டது! இரண்டு பேரும் சேர்ந்தே கத்திவிட்டோம்.

அதற்குப் பிறகு கிளாரினெட் தடையில்லாமல் ஏறி இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. “எப்படி வாசிச்சிருக்காக பாத்தீங்களா பாய்!” என்றேன். அவர் கையமர்த்தினார்.

“யக்கா, செத்த முன்னாடி வந்த எடத்த இன்னொருக்கப் போடுங்க.”

போட்டேன். சுரங்கள் வேகமாகச் சுழன்று ஓடும் அருமையான ஒரு பிர்காவுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். பிர்கா முடிந்து, அடுத்தது தொடங்கும் முன் சின்ன இடைவெளி.

“இந்தா… இங்கன. அத்தா மூச்சு இழுக்காரு. கேக்குதாக்கா?”

கேட்டது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: கவரை நம்பாதீர்கள், ஒவ்வொரு தட்டையும் உருவிப் பாருங்கள். வாங்குகிறவரோடு ஒருமுறை உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். அன்று நான் வாசிப்பை மட்டும்தான் கேட்டிருந்தேன்.