ஒத்திகைக்கு வந்து நின்றவர்கள்

போன வருடம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் களைகட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இது நடந்தது. தென்காசியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். அன்று எங்களுக்கு ஓர் ஒத்திகை இருந்தது.

என்ன ஒத்திகை என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையின் கணினி அறையில் வெள்ளம் புகுந்தாலும் தீப்பிடித்தாலும் நோயாளிகளின் விவரங்கள், பரிசோதனை முடிவுகள், மருந்து இருப்பு எதுவும் முடங்கக் கூடாது. அதற்காக அத்தனைக்கும் ஒரு நகல் கோயம்புத்தூரில் தயாராக இருக்கும். கணினிகளை மட்டுமல்ல, அவற்றை இணைக்கும் வலையமைப்பையும் மென்பொருளாலேயே அங்கே அப்படியே உருவாக்கி வைத்திருப்போம். இங்கே நின்றுபோனால் அங்கே ஓடத் தொடங்கும். வார்டில் இருக்கும் நர்ஸுக்கு வித்தியாசமே தெரியாது.

இன்னொரு வேலையும் அப்போதுதான் முடித்திருந்தோம். முன்பெல்லாம் வாசலில் மட்டும்தான் பூட்டு. வைரஸ் ஒன்று உள்ளே வந்துவிட்டால் எல்லா இடத்துக்கும் போய்விடும். அதனால் தென்காசியில் ஒவ்வொரு கணினியையும் தனித்தனி அறை மாதிரி பிரித்து, எது எதோடு பேசலாம் என்று அனுமதி கொடுத்து, மற்ற கதவுகளை எல்லாம் அடைத்துவிட்டோம். நகலில் அந்த வேலை இன்னும் பாக்கி இருந்தது. ஒத்திகை நேரத்தில் நகல் வெளியுலகத்தோடு பேசாதபடி மொத்தமாக ஒரு தடுப்பு போட்டால் போதும் என்று முடிவு செய்திருந்தோம்.

காலையில் நகலை இயக்கினோம். மருந்தகம் சரி, லேப் சரி, எக்ஸ்ரே சரி என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தேன். திரையில் எல்லாம் பச்சை. அப்போது ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. அங்கே பொறுப்பில் இருப்பவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏம்மா, கொஞ்சம் கீழ வாங்க. ரத்தம் குடுக்கணும்னு ஆளுக வந்து நிக்காங்க. நான் யாரையும் கூப்பிடலியே!"

ஓடினேன். வாசலில் நனைந்த சீருடையில் ஒரு பெண் காவலர். பக்கத்தில் லீவில் ஊருக்கு வந்திருந்த ஒரு ராணுவ வீரர். தோளில் துண்டு, காதோரமாக எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு பேர் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ரத்தம் கொடுக்கப் பெயர் பதிந்து வைத்திருந்த அவர்கள் எல்லோர் போனிலும் ஒரே செய்தி: ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமாகத் தேவை, உடனே வரவும்.

தடுப்பில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது, நகல் வெளியுலகத்தோடு பேசிவிட்டது. அண்ணாச்சி ஒரு போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளிக்கிழம நான் போட்டதுல்லா?" என்றார்.

பழைய செய்தி மறுபடியும் வந்துவிட்டது, இது ஒத்திகை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன்.

"ஒத்திகையா?" என்றார் காவலர். "மெயினருவில லேடீஸ் பக்கம் கூட்டம் தள்ளுது. டூட்டிய இன்னொருத்தி தலையில கட்டிட்டு ஓடியாந்துருக்கேன். இன்ஸ்பெக்டருட்ட போயி ஒத்திகைன்னு சொன்னா, என்னைய அருவிக்குள்ளயே நிக்க வச்சிருவாரும்மா!"

"உங்களுக்காது டூட்டி. எனக்கு எண்ணெ தேச்சதுதான் மிச்சம், இன்னும் தலைய நனைக்கல" என்றார் ராணுவக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். காவலர் மட்டும் தன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, வெள்ளிக்கிழம எனக்கு ஒண்ணும் வரலியே?"

"எனக்கும் வரல. வந்திருந்தா அன்னைக்கே வந்திருப்பம்லா" என்றார் ராணுவக்காரர்.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, தென்காசியில் ஓடும் அசலைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அண்ணாச்சி அனுப்பிய செய்தி, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் "காத்திருக்கிறது" என்று நின்றுகொண்டிருந்தது. ஒன்றுகூட வெளியே போகவில்லை. நாங்கள் அடைத்த கதவுகளில் ரத்த வங்கியின் செய்தி வெளியே போகும் கதவும் ஒன்று. டாக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நினைவூட்டும் செய்திகள் வேறு வழியாகப் போவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணாச்சியின் திரையில் "ஏற்கப்பட்டது" என்று வந்திருக்கிறது, அனுப்பியாகிவிட்டது என்று அவர் நம்பியிருக்கிறார். இங்கே மாட்டிக்கொண்டிருந்ததைத்தான், கதவுகள் இன்னும் அடைக்கப்படாத கோயம்புத்தூர் நகல் அனுப்பி முடித்திருக்கிறது.

"வெள்ளிக்கிழம யாருக்காகப் போட்டீங்க அண்ணாச்சி?"

அவர் மாடியைக் காட்டினார். "மேல மூணாவது மாடியில இருக்காங்கம்மா. வீரகேரளம்புதூர் டீச்சர். கர்ப்பப்பையில கட்டி, ரத்தப்போக்கு நிக்கல. ரத்தம் இல்லாம ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போவுது. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேருக்கு போன் போட்டேன், ஊர்ல இல்ல. திருநெல்வேலியிலயும் சொல்லி வச்சிருக்கேன். காலைல பாத்தேன், ரொம்பச் சோந்துட்டாங்க."

ஒத்திகையில் தவறு நடந்துவிட்டது என்று பதறிக்கொண்டிருந்தேன். பெரிய தவறு ஒத்திகையில் இல்லை, நாங்கள் கதவுகளை அடைத்ததில். இந்த ஒத்திகை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

காவலர் அதற்குள் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டிருந்தார். "நின்னுட்டே இருந்தா எப்படி அண்ணாச்சி? எங்கன படுக்கணும், சொல்லுங்க."

கணினியில் அடைபட்டிருந்த அந்தக் கதவைத் திறந்து, மற்ற செய்திகள் போகின்றனவா என்று பார்த்துவிட்டுத் திரும்பியபோது, டீச்சரின் கணவர் கீழே வந்திருந்தார். காவலரின் படுக்கைக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றார். "ரெண்டு நாளா வாசலயே பாத்துட்டு இருந்தேம்மா. இவ்வளவு பெரிய ஊருல ஒருத்தனுக்கும் மனசு இரங்கலியேன்னு வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன்."

"ஏசுனது கெடக்கட்டும், போயி ஒரு ஜூஸ் வாங்கிட்டு வாங்க" என்றார் காவலர்.

டீச்சரின் கணவரிடம் உண்மையை யார் சொல்வது? எங்கள் மேலாளர் அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. வராந்தாவில் அவரை நிறுத்தி, செய்தி யாருக்குமே போகவில்லை, எங்கள் வேலையில்தான் அது தடைபட்டது என்று நேராகச் சொன்னேன். கத்துவார் என்று நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் கேட்டார்: "அப்பம் யாரும் வரமாட்டேன்னு சொல்லலியா?"

"யாரும் சொல்லல சார். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

சுவரில் சாய்ந்து, அப்படியே உட்கார்ந்து, சத்தமாக அழுதார். அதற்குப் பிறகு கோபமும் வந்தது. வர வேண்டியதுதான், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. டீச்சர் பிழைத்து வீட்டுக்குப் போனார். இப்போதெல்லாம் ரத்த வங்கிக்கு நாங்கள் மாதாமாதம் சோதனைச் செய்தி அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று நேரில் கேட்டுக்கொள்கிறோம்.

கேட்டும் யாரும் வரவில்லை என்று யாராவது மனம் நொந்து சொன்னால், அவர்கள் கேட்டது மற்றவர்களின் காதில் விழுந்ததா என்றுதான் எனக்கு இன்றும் முதலில் விசாரிக்கத் தோன்றுகிறது.